நாய் ராத்திரி எங்கே படுக்கும்? கொடைக்கானல் பக்கம் பழனி மலைத்தொடரில் நாயோடு கூடாரத்தில் தங்கப் போகிறவர்களுக்கு

கேம்ப்காரருக்கு போன் போட்டதும் எல்லோரும் கேட்பது "நாயைக் கூட்டிட்டு வரலாமா?" என்றுதான். அந்தப் பக்கத்தில் "தாராளமா வாங்க சார்" என்பார்கள். அந்தப் பதிலில் ஒன்றுமே இல்லை. கேட்க வேண்டியது வேறு: "நாய் ராத்திரி எங்க படுக்கும்?"

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு முறுக்கு மதுரைத் தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய், வால் சுருட்டை என்பதால் அந்தப் பெயர். அவளை முதல் தடவை கொடைக்கானல் மேல்மலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கேன்வாஸ் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, வாசலில் மூங்கில் நாற்காலி, படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. சாயங்காலம் ஆனதும் அங்கே வேலை பார்க்கும் பெரியவர் வந்து, "ராத்திரி அந்த மரத்துல கட்டிப் போட்ருங்க சார், நமக்கும் காவலாச்சு" என்றார். ஏன் உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டதற்கு மெத்தை அழுக்காகிவிடும் என்று ஓனர் சொல்லியிருக்கிறாராம். அப்புறம் பேச்சுவாக்கில், "முன்னாடி இங்க ரெண்டு நாய் இருந்துச்சுங்க, சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அன்று ராத்திரி நானும் மனைவியும் முறுக்கும் காரிலேயே தூங்கினோம். கூடாரத்துக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. மலையோரக் கிராமங்களில் அது ஊருக்குள் வருவதே பல சமயம் நாய்க்காகத்தான். கட்டிப் போட்ட நாய் ஓடவும் முடியாது. அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: நாய் எங்களோடு உள்ளே படுக்கலாமா, கதவு மரக்கதவா இல்லை ஜிப்பா, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா (ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் வெளியே போனால் அதுவும் கூடவே வரும்), இடத்தைச் சுற்றி வேலி உண்டா, அவர்கள் வளர்க்கும் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா. நாட்டு நாய் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "லேப்ரடார்னா பரவால்ல சார்" என்று இழுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வாசலில் நின்று சண்டை போடுவதைவிட போனிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பருவத்தில் இருக்கும் பெட்டை நாயைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள், ஊர் நாய் அத்தனையும் கூடாரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை, கேன்வாஸ் வேண்டாம், ஏ-ஃபிரேம் (A எழுத்து மாதிரி சரிந்த கூரை) போன்ற மரக்குடில் எடுங்கள். கிளாம்பிங், அதாவது கட்டில் மெத்தை வசதியோடு கூடாரத் தங்கல், என்ற பெயரில் இரண்டுமே கிடைக்கிறது. துணிச்சுவருக்கு வெளியே எது நடந்தாலும் நாய்க்குக் கேட்கும், வாசனையும் தெரியும், விடிய விடிய உறுமிக்கொண்டே இருக்கும். கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் சின்னக் கூடாரம் ஒன்றை இரவல் வாங்கி வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி அதோடு படுத்துப் பாருங்கள். ஜிப்பைப் பிறாண்டுகிற நாய், உள்ளே வரவே மறுக்கிற நாய் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

சொந்தமாகக் கூடாரம் கொண்டுபோய்க் கண்ட இடத்தில் அடிக்கலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. கூடாரம் போடும் இடம் பட்டா நிலமாக இருக்க வேண்டும், கேம்ப் நடத்துகிறவரிடம் அனுமதி இருக்க வேண்டும். அனுமதி இல்லாத கூடாரங்களை அதிகாரிகள் வந்து பிரிப்பதும் நடக்கிறது.

மேல்மலையா கீழ்மலையா

இதை முடிவு செய்ய வேண்டியது நாயின் தோல். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி பக்கம் மேல்மலை, திறந்த வெளி, ராத்திரியில் நல்ல குளிர். ஹஸ்கி மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய்க்கு அது சொர்க்கம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வெயில் நாட்டு நாய்கள், முடி குட்டை, உடம்பில் கொழுப்பும் இல்லை, அங்கே நடுங்கிவிடும். அவற்றுக்குத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி கீழ்மலைக் காப்பித் தோட்டங்கள் தேவலை. ஆனால் கீழ்மலையில் மழைக்காலத்தில் அட்டை அதிகம், சில பகுதிகளில் யானை வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. பரந்த புல்வெளியில் ஆட்டு மந்தையைப் பார்த்த சிப்பிப்பாறையை நீங்கள் கூப்பிட்டுத் திருப்ப முடியாது, கயிற்றோடு போங்கள்.

மாதம் என்று கேட்டால் பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை, வார நாட்களில். மழை இருக்காது, அட்டை குறைவு, கூட்டமும் குறைவு. குளிர் மட்டும்தான் பிரச்சினை. அதற்குத் தரையைக் கவனித்தாலே பாதி சரியாகிவிடும், ஏனென்றால் சூட்டைத் தரைதான் உறிஞ்சும். கீழே இரண்டு சாக்கு, மேலே யோகா பாய், அதன் மேல் பழைய கம்பளி. ஸ்வெட்டர் போட்டால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பனியில் நனைந்த ஸ்வெட்டர் இல்லாததைவிட மோசம்.

கிளம்புவதற்கு முன்

தடுப்பூசி அட்டையின் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போதாது, டிஸ்டெம்பர், பார்வோ (இரண்டும் நாய்க்கு வரும் வைரஸ் நோய்கள்), எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த ஊசியும் வேண்டும். முதல் முறை போடுவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் போங்கள், சிலவற்றுக்கு இரண்டு தவணை உண்டு. இது உங்கள் நாய்க்காக மட்டுமில்லை. மலையில் செந்நாய்கள் இருக்கின்றன, டிஸ்டெம்பர் அவற்றுக்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அவற்றிடம் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே வைரஸ்தான். உண்ணி மாத்திரையையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. அரசின் தளத்திலேயே எடுக்கலாம். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைப்பதால் முன்னாடியே எடுப்பது உத்தமம். தண்ணீர் விஷயத்தில் பலர் மாட்டுவார்கள்: 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு மேலே கூடாது, கொடைக்கானலில் பாட்டிலுக்கு 20 ரூபாய் என்று வசூலிக்கவும் ஆரம்பித்தார்கள். நாய்க்கு எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மூடியே கிண்ணமாகிவிடும். கழிவை அள்ளப் பிளாஸ்டிக் பையும் வேண்டாம், பழைய செய்தித்தாளும் மூடி போட்ட டின்னும் போதும். ஓடை, ஊற்றுப் பக்கம் போகவிடாதீர்கள், கீழே இருக்கிற ஊர் குடிக்கிற தண்ணீர் அது.

மலையடிவாரத்துக் காட்ரோட்டிலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பல நாய்கள் வாந்தி எடுக்கும். ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். போன தடவையும் வாந்தி எடுத்தது என்றால் டாக்டரிடம் மாத்திரை உண்டு, நமக்குப் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். (வலி மாத்திரைக்கும் இதே பேச்சுதான், ஐபுப்ரோஃபென், டைக்ளோபெனாக் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.) போகிற வழியில் டம்டம் பாறையில் வேடிக்கை பார்க்க எல்லோரும் இறங்குவார்கள், குரங்கும் இருக்கும். கதவைத் திறப்பதற்கு முன்பே கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும், அப்புறம் அதைக் காட்டில் தேட வேண்டியதுதான். உங்கள் போன் நம்பர் எழுதிய தகடும் கட்டாயம்.

கொடைக்கானலில் வாங்கும் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்

இது கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம், யோசித்துப் பாருங்கள். ஹோம்மேட் சாக்லேட், நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். மலைப்பூண்டு, புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, அதுவும் விஷம், வெங்காயமும் அப்படியே. நீலகிரித் தைலம், சளிக்கு நல்லது என்று நாயின் படுக்கையில் இரண்டு சொட்டு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நக்கினால் ஆபத்து. போகிற வழியில் வாங்கிய திராட்சையும் ஆகாது. வெண்ணெய்ப்பழத்தின் (அவகாடோ) கொட்டை தொண்டையில் மாட்டும். ஆக, ஊருக்கு வாங்கிப் போகும் பை முழுக்க நாய்க்கு ஆகாதது. அந்தப் பை காரின் பின் சீட்டில், அதாவது நாயின் சீட்டில்தான் இருக்கும்! டிக்கியில் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது சுட்ட சோளத்துக்கு. சாலையோரம் முழுக்க விற்பார்கள், தின்றுவிட்டுக் கட்டையைப் புல்லில் எறிவார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிய கட்டையை நாய் ஒரே வாயில் விழுங்கும். அது செரிக்காது, குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரைக்கும் போகும். கேம்ப் ஃபயரில் சுட்ட கோழி எலும்பும் இப்படித்தான், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சுற்றிலும் பொறுக்கிவிடுங்கள். அதைச் செய்தால் காட்டுப்பன்றி வருவதும் குறையும்.

அங்கே போன பிறகு

காட்டு மாடு. நகரத்துக்குள்ளேயே உலாவும், சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் வரும், பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் நிற்கும். நாய் குரைத்துக்கொண்டு அதன் பக்கம் ஓடும், மாடு ஒரு நிமிடம் பார்க்கும், அப்புறம் நாயைத் துரத்தத் திரும்பும். மாடு திரும்பினதும் நாய் எங்கே ஓடும் என்று நினைக்கிறீர்கள், நேராக உங்களிடம்தான். காட்டு மாடு முட்டிச் செத்தவர்கள் இந்த மலையில் உண்டு. அதனால் கூடார வளாகத்துக்குள்ளும் கயிறுதான், இருட்டுவதற்கு முன்பே கடைசி நடையை முடித்துவிடுங்கள்.

தோட்டத்து வரப்பில் அவிழ்த்துவிட ஆசையாக இருக்கும், வேண்டாம். கேரட், உருளை, பீன்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்து அடித்திருப்பார்கள். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக வைக்கும் சுருக்குக் கம்பி, மின்வேலி, மாவு உருண்டைக்குள் வெடி வைத்த அவுட்டுக்காய், இவற்றில் நாய் மாட்டிய கதைகள் மலையோரத்தில் எங்கே கேட்டாலும் சொல்வார்கள். தோட்டக்காரரிடம் "எங்க நடக்கலாம் அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவரே வழி காட்டிவிடுவார், டீயும் கிடைக்கும்.

சுற்றிப் பார்க்கிற இடங்கள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாம் வனத்துறையின் கையில், பேரிஜம் ஏரி சரணாலயத்துக்குள். நாய்க்கு அங்கே வேலை இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகவும் கூடாது. காற்று குளிர்ந்தாலும் அந்த உயரத்து வெயிலில் மூடிய கார் சீக்கிரம் சுட்டுவிடும். ஒருவர் பார்க்கட்டும், ஒருவர் நாயோடு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் முறுக்குக்குப் பிடித்த இடம் கேம்ப்புக்குப் பின்னாலிருந்த சாண எருக்குவியல்தான்.

அட்டை ஒட்டினால் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். மூக்குக்குள் போய்விட்டால் மட்டும் நீங்களே குச்சியை விட்டு நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். கொடைக்கானலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஆனால் ராத்திரி அவசரத்துக்கு மேல்மலைக் கிராமத்திலிருந்து வந்து சேரவே நேரமாகும். யாருக்கு போன் போடுவது என்பதைப் போய் இறங்கிய அன்றே கேம்ப்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வயதான நாய், இதய நோயுள்ள நாய், மூச்சிரைக்கும் பக் மாதிரி சப்பை மூக்கு நாய் எல்லாம் வீட்டிலேயே சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கட்டும்.

வீடு திரும்பியதும் குளிப்பாட்டுவதற்கு முன்பே உண்ணி பாருங்கள். காது மடிப்பு, கால் விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் அடியில். முறுக்கிடம் ஒரு தடவை இடது காதுக்குள் மட்டும் நான்கு எடுத்தேன். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ உடம்பு சுட்டாலோ ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.