ஹெட் சாய்ந்தால் குரல் தொலையும்: பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவோர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் அல்சூரில் என் வீட்டுக்கு ஓர் இளைஞர் பென் டிரைவோடு வந்தார். அவருடைய தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. தாத்தா பேசிப் பதிந்த பதினான்கு கேசட்டுகளையும் பேரன் தானே கணினியில் ஏற்றியிருந்தார். "கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது அண்ணா, கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா?" என்றார். கேட்டுப் பார்த்தேன். ச, ஷ, ஸ மூன்றுமே மழுங்கியிருந்தன. கேசட்டுகளைக் கொண்டுவாருங்கள் தம்பி என்றேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் என் அத்தை பாடிய தாலாட்டை நானும் இப்படித்தான் இழந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நாடாவை விரலால் தொடாதீர்கள் என்பது போன்றவை உங்களுக்கே தெரியும்.

ஹெட்டின் சாய்வைச் சரிபார்க்காமல் பதிவைத் தொடங்குவது

ஓடும் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பகுதிதான் ஹெட். அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. அகலம் ஒரு மைக்ரான் அளவு. நாடா அதைக் கடக்கும்போது, பதிந்திருக்கும் காந்தப்புலம் மாறுவதை ஹெட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மின்னழுத்தமாக்குகிறது. அந்த இடைவெளிக் கோடு நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இந்த நிற்கும் கோணத்தைத்தான் அசிமுத் என்கிறோம்.

கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. அப்படியானால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் நீளம் 4.76 மைக்ரான்தான். ஆனால் மோனோ பதிவின் தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம். அவ்வளவு அகலமான தடத்தின் மேல் கோடு சற்றே சாய்ந்தாலும், மேல் விளிம்பில் அலையின் ஏற்றத்தையும் கீழ் விளிம்பில் அதன் இறக்கத்தையும் ஹெட் ஒரே கணத்தில் படிக்கும். ஒன்றை ஒன்று அழித்துவிடும். கணக்குப் போட்டால், மோனோ ஹெட் 0.18 பாகை சாய்ந்தாலே 10,000 ஹெர்ட்ஸ் முழுதாகக் காணாமல் போகிறது. ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! மெய்யெழுத்துகளின் கூர்மையும், ஜால்ராவும், வளையல் ஓசையும் அந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன.

"என் டெக் நல்ல டெக், ஹெட்டை அளந்து பொருத்தியிருக்கிறார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். கோபம் வருவது இங்கேதான். உங்கள் டெக், அதாவது கேசட்டை ஓட்டும் கருவி, நேராக இருக்கலாம். தாத்தா பதிந்த டேப் ரிக்கார்டர்? அது சுரங்கக் குடியிருப்பில் பரணிலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கும். அதன் ஹெட் சாய்ந்திருந்தால் பதிவும் அதே சாய்வில்தான் நாடாவில் கிடக்கிறது. படிக்கிற ஹெட்டும் அதே சாய்வுக்கு வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும், ஏன், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

வேலை ஐந்து நிமிடம்தான். ஹெட்டைப் பிடித்திருக்கும் திருகுகளில் பெரும்பாலும் ஒன்றின் அடியில் சுருள்வில் இருக்கும், மேலே வண்ண அரக்கு வைத்திருப்பார்கள். அதுதான் அசிமுத் திருகு. முதலில் அது நிற்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஏறாத சிறிய திருப்புளியால், கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிக் கேளுங்கள். ஓரிடத்தில் ச, ஷ இரண்டும் பளிச்சென்று எழும். தாண்டினால் மறுபடி மங்கும். எழுந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்டீரியோ டெக்கில் மோனோ கேசட்டைப் போட்டால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். ஒரே தடத்தின் மேல் பாதியை ஒரு சேனலும் கீழ் பாதியை இன்னொன்றும் படிக்கின்றன. கணினியில் இரண்டு அலைவடிவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள், முகடுகள் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஆனால் காதால் சரிசெய்த பிறகுதான் இதற்கு வாருங்கள். நேரே கண்ணை நம்பினால் ஓர் அலை முழுதாகத் தள்ளிப்போயும் பொருந்தியதுபோல் தோன்றும்.

அந்த இளைஞர் இதோடு இன்னொன்றும் செய்திருந்தார். "பேச்சுதானே" என்று இரண்டு சேனல்களையும் சேர்த்து ஒற்றை மோனோ கோப்பாக மாற்றிவிட்டார். தனித்தனியாக வைத்திருந்தால் ஒன்றைச் சிறிது தாமதப்படுத்தி ஓரளவு மீட்டிருக்கலாம். சேர்த்த கணத்தில் அவை ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். இல்லாத ஒலியை அது எங்கிருந்து கொண்டுவரும்? அத்தையின் தாலாட்டை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் அந்தக் குமிழ்களைத் திருகியிருக்கிறேன். ஆராரோவில் வரும் ரகரத்தைத் தவிர எதுவும் துலங்கவில்லை.

கேசட்டை எறிந்துவிடுவது

எறியாதீர்கள். கோப்பு நன்றாக வந்திருந்தாலும் எறியாதீர்கள்.

கையில் கிடைத்ததைக் கொண்டு ஹெட்டைத் துடைப்பது

கை கழுவும் சானிடைசரால் துடைத்த ஹெட்டுகளைக் கண்டிருக்கிறேன். அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும். அது ஹெட்டிலேயே தங்கி, அடுத்த கேசட்டில் உதிரும் துகளையெல்லாம் பிடித்துக்கொள்ளும். நல்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கிறது. பஞ்சுக் குச்சியில் தொட்டு, பஞ்சில் பழுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடையுங்கள். நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளைக்கு மட்டும் அது வேண்டாம், அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

டீமேக்னடைசரை ஹெட்டின் அருகில் வைத்து அணைப்பது

டீமேக்னடைசர் என்பது ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் கருவி. அருகில் வைத்து அணைத்தால், காந்தத்தை எடுக்கப் போய் ஏற்றிவிட்டு வருவீர்கள். டெக்கை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியைப் போடுங்கள். மெல்ல அருகில் கொண்டுபோய் மெல்ல விலக்கி, மறுபடி ஒரு மீட்டர் தள்ளி வந்து அணையுங்கள். கேசட்டுகள் அப்போது வேறு அறையில் இருக்கட்டும்.

எம்பி3 ஆக மட்டும் சேமிப்பது

ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு முதலில். மற்றவை பிறகு.

வேகத்தை அப்படியே நம்புவது

பேட்டரி தீரும் நேரத்தில் பதிந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பெரியவரின் குரல் பையனுடையதுபோல் ஒலிக்கும். பதிந்தபோது மின்சாரத்தின் முணுமுணுப்பும் சேர்ந்து பதிந்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கணினியில் அந்த முணுமுணுப்பு 52இல் தெரிந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள், அந்த அளவுக்குக் குறைத்துவிடலாம். ஆனால் உங்கள் டெக்கின் சொந்த முணுமுணுப்பும் 50இல் நிற்கும். கேசட்டை நிறுத்திவிட்டு ஒரு முறை பதிந்து பாருங்கள், அப்போதும் இருப்பது டெக்கினுடையது.

எல்லாம் முடிந்ததும் அசிமுத் திருகைப் பேனாக் குறிக்கே திருப்பிவிடுங்கள். அந்த இளைஞரின் சித்தியிடம் தங்கவயலில் இன்னும் ஒரு கேசட் இருக்கிறதாம். வரும் சனிக்கிழமை ரயிலில் போய் எடுத்துவருகிறார். திருப்புளியோடு காத்திருக்கிறேன்.