எந்த உபுண்டு, எத்தனை ஆண்டுக்கு?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் சிலர், பழைய லேப்டாப்பையும் கையோடு எடுத்துவருகிறார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதிலிருந்து இது கூடிவிட்டது. அதற்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாம் என்றால், இருப்பதிலேயே புதியதைப் போடுங்கள் என்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வெல்கமில் பிறந்தவர், நம் நாட்டுக்காரர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஆதரவு எப்போது முடிகிறது என்பதைத்தான்.

உபுண்டுவின் பதிப்பு எண் 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று பொருள். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவதுதான் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். 25.10 போட்டால் 2026 ஜூலையில் மறுபடி மாற்ற வேண்டும். நிறுவுவதற்கு இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பே 5 ஜிபிக்கு மேல். இங்கே டேட்டா விற்கிற விலைக்கு அது வீண் செலவு.

எல்டிஎஸ்ஸையும் வெளிவந்த அன்றே ஏற்ற வேண்டாம். பழைய எல்டிஎஸ் வைத்திருப்பவர்களை உபுண்டுவே முதல் திருத்த வெளியீடு (அதுவரை வந்த திருத்தங்களைச் சேர்த்துத் தருவது) வரை காக்க வைக்கிறது. 24.04இன் அந்த வெளியீடான 24.04.1 வந்தது 2024 ஆகஸ்டு இறுதியில். அந்த நான்கு மாதம் பொறுப்பது நல்லது.

4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிக்குப் பலரும் உபுண்டுவின் இன்னொரு வடிவமான லுபுண்டுவைச் சொல்வார்கள். இலகுவானதுதான், ஆனால் அதன் எல்டிஎஸ்ஸுக்கு 3 ஆண்டுகள்தான், 24.04க்கு 2027 ஏப்ரலோடு சரி. லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு வகையின் 22ஆம் வெளியீட்டில், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்பு கொண்ட பதிப்பும் உபுண்டு 24.04 மேல் கட்டியதே, அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. நான் இதைத்தான் போட்டுத் தருகிறேன்.

கோயில் அலுவலகம் மாதிரி இடங்களுக்கு டெபியன் என்ற லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிள் போதும். இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் பக்கம் போகாதீர்கள்.

இறக்கிய கோப்பை sha256 எண்ணோடு (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுவிட்டு யுஎஸ்பியில் எழுதுங்கள். நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் பாருங்கள். லேப்டாப் புதிதாக இருந்து வைஃபை எடுக்கவில்லை என்றால், அதே எல்டிஎஸ்ஸின் பிந்தைய திருத்த வெளியீட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் புதிய கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) இருக்கும். அப்புறம் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து நாலு வரி தட்டுங்கள்.

எல்லாம் சரி என்றால் கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, சார்ஜரைச் செருகி, பேட்டரியும் நிரம்பியபின் நிறுவுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.