பெங்களூரில் மாடித்தோட்டம், மூலிகைப் பூச்சு, நல்ல தேநீர்: ஊருக்கு வருபவர்களுக்கு

மெல்பர்னிலிருந்து டிசம்பர் லீவுக்கு அல்சூரில் அக்கா வீட்டுக்கு வந்தால், நான் முதலில் ஏறிப் பார்ப்பது மொட்டை மாடியைத்தான். நாற்பது தொட்டிக்குக் குறையாது. முதல் வருஷம் மூன்றே நாளில் என் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அக்காதான் சொன்னாள்: "மண்ணை ஏன் திட்டுற? இப்ப டாங்கில ஏறுறது போர் தண்ணி. அதுல அஞ்சு தடவை சோப்பு போட்டுக் கழுவினா கை என்ன ஆகும்?"

அன்று மாலை அதே தண்ணீரில் நான் ஆசையாகப் போட்ட டார்ஜிலிங் டீயின் மேல் ஓர் ஆடை படிந்து நின்றது. கைக்கும் தேநீருக்கும் ஒரே கோளாறு என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் பெங்களூரு வந்ததும் முதலில் தண்ணீரை விசாரியுங்கள். பல வீடுகளில் ஒரு குழாயில் காவேரி, இன்னொரு குழாயில் போர் தண்ணீர் வரும். சோப்பு நுரைக்க மறுத்தாலோ, கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தாலோ அது உப்புத் தண்ணீர். மண் வேலை முடிந்ததும் அதில் கழுவலாம், ஆனால் கடைசியாக ஒரு சொம்பு காவேரித் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ ஊற்றி அலசி, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவிவிடுங்கள். சோப்புக்குப் பதில் பயத்தம் மாவு போதும். விரல் இடுக்கு மண்கூட அதில் போய்விடும்.

வேலைக்கு முன்னால் செய்யும் ஐந்து நிமிடக் காரியம்தான் பிறகு தடவும் எதையும்விட முக்கியம் என்பேன். நகங்களால் ஒரு சோப்புக் கட்டியைச் சுரண்டிக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் சோப்பு அடைத்துக்கொண்டால் மண் புகாது. பிறகு விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து மெல்லிசாகத் தடவி, மேலே கையுறை போடுங்கள். கையுறை, மண்வெட்டி, செடி எல்லாம் லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரத்து நர்சரிகளில் கிடைக்கும். லால்பாக் உள்ளேயும் கூட்டுறவு நர்சரி ஒன்று உண்டு. குடியரசு தினம் அல்லது சுதந்திர தினத்தை ஒட்டி வருபவர்கள், 1889இல் கட்டிய கண்ணாடி மாளிகையில் நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இங்கே வெயிலை நம்பக் கூடாது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளிர்ந்திருக்கும், சுடுவதே தெரியாது. ஆனால் பதினொரு மணி வெயில் தோலைக் கருக்கிவிடும். இந்த இடத்தில் நம் வீட்டு வைத்தியத்தில் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துக் கறுக்கும். நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசியும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். மாவு அரைக்கும்போது அதை விட்டுவிடச் சொல்லுங்கள், அல்லது இரவில் மட்டும் பூசிக் கழுவுங்கள். பயத்தம் பயறு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், இவ்வளவு இருந்தாலே நல்ல மாவு.

இவற்றையெல்லாம் வாங்க நாட்டு மருந்துக் கடை என்று தேடாதீர்கள். இங்கே அதற்கு கிரந்திகே அங்கடி என்று பெயர். காந்தி பஜார், மல்லேஸ்வரம், அவென்யூ ரோடு பக்கம் கேட்டால் காட்டுவார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழே போதும். மற்ற இடங்களில் மஞ்சளுக்கு அரிசின, வெட்டிவேருக்கு லாவஞ்ச, கற்றாழைக்கு லோளெசர, பயத்தம் மாவுக்கு ஹெசரு ஹிட்டு என்று கேளுங்கள். இரண்டு கன்னட வார்த்தை பேசினால் கடைக்காரர் முகம் மலர்ந்து, நல்ல சரக்கை உள்ளேயிருந்து எடுத்து வருவார்.

கைக்கு நான் செய்துகொள்ளும் பூச்சு எளிது. 40 கிராம் தேங்காய் எண்ணெயில் ஈரமில்லாமல் நிழலில் உலர்த்திய வேப்பிலை ஒரு கைப்பிடி போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஒரு மணி நேரம் சூடாக்கி வடிகட்டுவேன். அதில் 10 கிராம் தேன்மெழுகு கரைத்துச் சின்ன டப்பாவில் ஊற்றினால் இறுகிவிடும். முதல் முறை பூசும்போது முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

கற்றாழையை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும், அது அரிக்கும். மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, சோற்றை நன்றாக அலசிய பிறகே பூச வேண்டும். தொட்டிகளில் தானாக முளைக்கும் குப்பைமேனியை அக்கா பிடுங்க விடமாட்டாள். அதன் வேரைக் கண்டால் பூனைகள் மயங்கிப் புரளும், அதனால்தான் அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர். அரிப்புக்கு அரைத்துப் பூசுவது நம் பழைய வழக்கம். உள்ளுக்கு மட்டும் சாப்பிடாதீர்கள். ஜி6பிடி குறைபாடு, அதாவது பிறவியிலேயே அந்த நொதி உடம்பில் குறைவு, உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைபாடு உண்டா என்று பல வீடுகளில் யாருக்கும் தெரியாது.

காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தை, இங்கே காங்கிரஸ் கிட (காங்கிரஸ் செடி) என்பார்கள், வெறும் கையால் தொடவே வேண்டாம். அது தரும் அரிப்புக்கு மூலிகை தேடிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். ரோஜா முள்ளோ துருப்பிடித்த கம்பியோ கிழித்தாலும் அப்படித்தான், மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்பதை இங்கே வரக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கை கழுவியாயிற்று. இனி தேநீர்.

பெங்களூரு காபி ஊர்தான். ஆனால் நீலகிரி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது தேயிலையை விட்டுவிட மனம் வராது. நீலகிரியில் விளைவதில் பெரும்பகுதி பாலுக்கு ஏற்ற சி.டி.சி. குருணை. இலை முழுசாகச் சுருண்டிருக்கும் ஆர்த்தடாக்ஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் தளிர் மெதுவாக வளரும்போது பறிக்கும் இலைக்கு வாசம் அதிகம், என் மனசுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் மே, ஜூனில் பறித்த டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பைத் தேடலாம்.

இந்த உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கறுப்புத் தேயிலைக்குத் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றுங்கள், பாத்திரத்தையும் முன்னாலேயே சுடுதண்ணீர் விட்டுச் சூடாக்கி வையுங்கள். 200 மில்லிக்கு இரண்டரை கிராம், மூன்றிலிருந்து நான்கு நிமிடம். பச்சைத் தேயிலைக்கு மட்டும் 80 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். முதல் வாய் பால், சர்க்கரை இல்லாமல் குடித்துப் பாருங்கள், அப்புறம் உங்கள் விருப்பம்.

குன்னூருக்கே போய் வாங்க நினைத்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். மைசூரு, பந்திப்பூர் வழி காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது.

திரும்பும்போது தேயிலையைப் பெயர் அச்சிட்ட மூடிய பொட்டலமாகவே எடுத்துச் செல்லுங்கள். பேப்பரில் மடித்த பெயரில்லாத மூலிகைப் பொடி எந்த விமான நிலையத்திலும் தொல்லை. அமெரிக்கா போகிறவர்கள் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தேயிலை, பொடி, தேன்மெழுகுப் பூச்சு எல்லாவற்றையும் அறிவித்துவிடுங்கள். விதையும் செடியும் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். செருப்படி மண்ணைக்கூடத் தேய்த்துக் கழுவ வேண்டும். என் கையுறையை அக்கா வீட்டு மாடிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வருவேன், அடுத்த டிசம்பருக்கு.