லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை தகராறா? பேக்கெட் பிடித்துப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் ரூட்டர் முன்கூடத்தில் இருக்கும், லேப்டாப் அடுப்படிப் பக்கம் இருக்கும். இணைப்பு அறுந்ததும் லினக்ஸை மறுபடி போடக் கிளம்பாதீர்கள். எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று முதலில் பாருங்கள். (கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

1. கார்டு வேலை செய்கிறதா?

‘எல்எஸ்பிசிஐ -கே’ அடியுங்கள். வயர்லெஸ் கார்டின் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ தருவதில் ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் உள் மென்பொருள்) வரிகளைத் தேடுங்கள். அங்கே பிழை எண் -2 இருந்தால் கோப்பே இல்லை என்று அர்த்தம். டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல்தான் ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. கோப்பை இறக்க நெட் வேண்டுமே! ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) போடுங்கள், போதும்.

‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’டில் ஹார்ட் பிளாக் விழுந்திருந்தால் லேப்டாப்பின் வைஃபை சுவிட்சைப் பாருங்கள்.

2. முகவரி கிடைக்கிறதா?

பேக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் போய் வரும் தரவுத் துண்டுகள்) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவும்போது, சாதாரணப் பயனரும் பேக்கெட் பிடிக்கலாமா என்று கேட்கும். ‘யெஸ்’ கொடுத்து, உங்கள் கணக்கை வயர்ஷார்க் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள். லாக் அவுட்டை மறந்தால் பிடிக்க அனுமதி கிடைக்காது.

வைஃபை கார்டைத் தேர்ந்து பிடிக்கத் தொடங்குங்கள். ஃபில்டர் பெட்டியில் ‘டிஹெச்சிபி’ (ரூட்டர் ஐபி முகவரி தரும் முறை) என்று போடுங்கள். பிறகு நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து இணையுங்கள். வைஃபையையே அணைத்தால் பிடிப்பு நின்றுவிடும். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஏசிகே என நான்கு வரிகள் வந்தால் நல்லது. பழகிய நெட்வொர்க்கில் கடைசி இரண்டு மட்டும் வரலாம்.

டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ரூட்டரைத் திட்ட அவசரப்படாதீர்கள். நாம் அனுப்பும் பேக்கெட்டை வயர்ஷார்க் கார்டுக்குப் போகும் முன்பே பதிந்துவிடுகிறது. அது காற்றில் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி இல்லை. ‘ஐடபிள்யூ டெவ்’ அடித்துக் கார்டின் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயரோடு ‘ஸ்டேஷன் டம்ப்’ சேர்த்து மறுபடி அடியுங்கள். ‘டிஎக்ஸ் ஃபெயில்ட்’ (அனுப்பத் தவறியவை) ஏறிக்கொண்டே போனாலோ, சிக்னல் -80 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினாலோ லேப்டாப்பை முன்கூடத்துக்குத் தூக்கிப் போய்ப் பாருங்கள். -67க்கு மேல் இருந்தும் ஆஃபர் வரவில்லையா? ரூட்டரில் மேக் ஃபில்டரையும் (எந்தக் கருவியை அனுமதிக்கலாம் என்ற பட்டியல்) முகவரி வரம்பையும் பாருங்கள்.

3. பாஸ்வேர்டு கட்டம்

டபிள்யூபிஏ2 (வைஃபை பாதுகாப்பு முறை) பாஸ்வேர்டு சோதனையில் போகும் இஏபிஓஎல் ஃப்ரேம்கள் (வைஃபையில் போகும் செய்தித் துண்டுகள்) சாதாரணப் பிடிப்பில் தெரியாமலும் போகலாம். மானிட்டர் மோடு (காற்றில் போகும் எல்லா ஃப்ரேம்களையும் கார்டு கேட்கும் நிலை) வேண்டும். அந்த மோடுக்குப் போன கார்டு பொதுவாக இணைப்பில் இருக்காது என்பதால், இரண்டாவது லேப்டாப்பை ரூட்டரின் சேனலில் நிறுத்திப் பிடியுங்கள். முதல் செய்தி ரூட்டரிடமிருந்து, இரண்டாவது லேப்டாப்பிடமிருந்து, மறுபடி முதல் செய்தி என்று சுற்றினால் பெரும்பாலும் பாஸ்வேர்டுதான் தப்பு. இரண்டாவது வரவே இல்லையென்றால் கோளாறு லேப்டாப் பக்கம் இருக்கலாம்.

லயத்தில் வீடுகள் ஒட்டி இருப்பதால் பக்கத்து வீட்டு ஃப்ரேம்களும் வந்து விழும். உங்கள் ரூட்டரின் பிஎஸ்எஸ்ஐடியை (அதன் வைஃபை அடையாள எண்) ஃபில்டரில் கட்டாயம் போடுங்கள். அடுத்தவர் தொடர்பை இடைமறிப்பது மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம்.