பாய்க்காலப் போர்க்கப்பலொன்றின் சேவை வரலாற்றைத் தொகுக்கும் முறை

1795 ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பர் 28ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமானதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் திருகோணமலையைத் தாக்கிய கொமடோர் பீற்றர் ரெய்னியரின் கொடிக்கப்பலான, அதாவது படைத்தலைவர் பயணிக்கும் தலைமைக் கப்பலான ‘சஃபோக்’ (Suffolk) அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளை எங்கே கழித்தது என்று கேட்பவர் குறைவு. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே அத்தகைய தேடலில் இறங்க விரும்புவோர்க்கு இவ்வழிமுறை உதவும்.

முதலில் கப்பலை அடையாளங்காண வேண்டும். பிரித்தானியக் கடற்படை ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சூட்டியது. 1743இல் வெனிசுவேலாவின் லா குவைராவைத் தாக்கிய சஃபோக் 1765இல் உடைக்கப்பட்டது. அதே ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட, 74 பீரங்கிகள் கொண்ட வேறொரு சஃபோக்கே நம் கடலுக்கு வந்தது. ஆகவே பெயரோடு நீரிலிறக்கிய ஆண்டையும் பீரங்கித் தொகையையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1779இல் கரீபியன் தீவான கிரெனடா, 1795இல் திருகோணமலை, 1796இல் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்போயினா எனப் போர்களை மட்டும் கோத்துவிட்டு வரலாறு முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. போர் ஓய்ந்ததும் மாலுமிகளுக்குச் சம்பளம் தீர்த்து அனுப்பிவிட்டு, பாய்மரங்களைக் கழற்றிக் கப்பலைத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்காகக் கட்டிவைப்பது வழக்கம். அந்த வெற்றிடங்களையும் ஆண்டுவாரியாகக் காட்டவேண்டும்.

மூலப் பதிவுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் இணையப் பட்டியலில் கப்பலின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடி, கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். கப்டனின் நாட்குறிப்பு ‘ஏடிஎம் 51’ (ADM 51; ADM என்பது கடற்படை நிர்வாகமான ‘அட்மிரால்டி’யின் சுருக்கம்) என்ற வரிசையிலும், கப்பலோட்டத்துக்குப் பொறுப்பான மாஸ்ரரின் நாட்குறிப்பு ‘ஏடிஎம் 52’ இலும், ஆட்பதிவேடு ‘ஏடிஎம் 36’ இலும் அடங்கும். மூன்றில் ஒன்றுக்குத்தான் பணமிருக்கிறது என்றால் நான் ஆட்பதிவேட்டையே கேட்பேன்: யார் எப்போது சேர்ந்தார், யார் இறந்தார், யார் ஓடிப்போனார் என்பதெல்லாம் அதில் தெரியும். கப்பல் அழிந்திருந்தால் இன்னொரு மூலமும் கிடைக்கும். 1795இல் திருகோணமலைக்கு அருகே பாறையில் மோதி மூழ்கிய ‘டயமீட்’ போன்ற கப்பல்களின் கப்டன்கள் இராணுவ நீதிமன்றத்தில் விளக்கமளிக்க நேர்ந்ததால், அவ்விசாரணைப் பதிவுகளையும் தேடவேண்டும்.

திகதிகளில்தான் பலர் இடறுகின்றனர். அக்கால நாட்குறிப்புகளில் நாள் நண்பகலில் தொடங்கியது. ஆதலால் 5ஆம் திகதி பிற்பகல் என்று பதியப்பட்டது நம் கணக்கில் 4ஆம் திகதி பிற்பகலாகும். முற்பகல் பதிவுகளுக்கு இத்திருத்தம் வேண்டியதில்லை. இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றிய 1752 செப்டெம்பருக்கு முந்திய பதிவாயின், அப்போதே புதிய நாட்காட்டியைப் பின்பற்றிய பிற ஐரோப்பிய நாட்டுப் பதிவுகளோடு ஒப்பிடும்போது 11 நாட்களை (1700 மார்ச்சுக்கு முன்னராயின் 10 நாட்களை) கூட்டிக்கொள்ளவும் வேண்டும்.