கால் எட்டாத ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதப்பது எப்படி?

நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீந்தத் தெரிந்த பிறகும், ஆழமான பக்கத்தில் நடுவில் நிற்கச் சொன்னால் எனக்கு அரை நிமிடத்தில் மூச்சிரைக்கும். நெடுநாள் கழித்துத்தான் புரிந்தது, அத்தனை பாடும் தோளைத் தண்ணீருக்கு மேலே தூக்கத்தான் பட்டிருக்கிறேன் என்று. தோள் வெளியே தெரியத் தேவையே இல்லை. தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

முதலில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு சோதனை. நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கட்டும். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக் காலைத் தரையிலிருந்து எடுங்கள். பெரும்பாலோருக்கு உச்சந்தலை வெளியே தெரிகிற மட்டத்தில் உடம்பு தானாக நின்றுவிடும். மூச்சை விட்டால் மெல்ல இறங்கும். ஆக, பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்குகிறது. மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டிய அந்தக் கொஞ்சத்துக்குத்தான் கையும் காலும்.

அடுத்து கை. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்குவார்கள். அமுக்கினால் ஒரு கணம் மேலே வரலாம், கையைத் திரும்ப உயர்த்தும்போது அதே அளவு இறங்கிவிடலாம், அவ்வளவுதான். அதற்குப் பதில் முழங்கையை மடக்கி, நெஞ்சுக்கு முன்னால், மேசையைத் துடைப்பது போல இரு கைகளையும் வெளியே கொண்டுபோய் உள்ளே கொண்டுவாருங்கள். வெளியே போகும்போது கட்டைவிரல் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உள்ளே வரும்போது சுண்டுவிரல் பக்கம். அந்தச் சாய்வுதான் உங்களைத் தூக்குகிறது. உள்ளங்கையில் எப்போதும் ஓர் அழுத்தம் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

காலுக்குப் பல வழிகள் உண்டு. தவளை உதை (முழங்காலை மடக்கி, இரு காலையும் பக்கவாட்டில் அகட்டி உதைத்துச் சேர்ப்பது) தெரிந்தால் அதையே மெதுவாகச் செய்யலாம். ஆனால் இரண்டு காலும் ஒன்றாக உதைப்பதால் தலை ஏறி ஏறி இறங்கும். வாட்டர் போலோ ஆடுபவர்கள் அதே உதையைக் கால் மாற்றி மாற்றிச் செய்வார்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால், வலது கால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், இடது கால் முள் சுற்றும் திசையிலும் வட்டம் போடும். தண்ணீரில் இறங்குமுன் நாற்காலி நுனியில் முழங்காலை அகட்டி உட்கார்ந்து இதைப் பழகுங்கள். முதல் நாள் இரண்டு காலும் ஒரே பக்கம் சுற்றி மானத்தை வாங்கும், பரவாயில்லை.

அப்புறம்தான் ஆழம். உயிர்காப்பாளர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு கையால் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் இயக்குங்கள். சரியாக வந்தால் பிடியை விட்டு 10 விநாடி, திரும்பவும் சுவர். பிறகு 20, 30. கை நீட்டினால் சுவர் எட்டும் தூரத்தைத் தாண்ட வேண்டாம். பதற்றம் வந்தால் கையை மேலே வீசாதீர்கள், தண்ணீரை விட்டு வெளியே வந்த கை வெறும் சுமை. காதுவரை தண்ணீரில் நனைய மல்லாந்து படுங்கள், மூச்சு அடங்கும்.

30 விநாடி நிற்க வந்ததும், மிதந்தபடியே ஒன்றிலிருந்து இருபதுவரை சத்தமாக எண்ணிப் பாருங்கள். எட்டிலேயே மூச்சு முட்டினால் தோள் இன்னும் வெளியேதான் இருக்கிறது.