மச்சாள் பட்டம் வாங்கினால் எப்படி வாழ்த்துவது?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பட்டமளிப்பு விழா நெருங்கினால், ஊரில் யார் யார் பட்டம் வாங்குகிறார்கள் என்பது எனக்குத்தான் முதலில் தெரியவரும். பனர் அடிக்க வருகிற மாமாமாரில் பாதிப்பேருக்குப் பிள்ளை என்ன படித்தது என்றே தெரியாது. "கெம்பஸ் முடிச்சிட்டா, ஏதாவது போட்டு விடுங்கோ தம்பி" என்பார்கள்.

அதனால் முதல் வேலை, என்ன பட்டம் என்று விசாரிப்பதுதான். கலைமாணியா (BA), விஞ்ஞானமாணியா (BSc), முதல் வகுப்பா என்று மாமியிடம் மெதுவாகக் கேட்டு வையுங்கள். என் மாமி மகள் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தவள். 5 வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருஷம் உள்ளகப் பயிற்சி. உடற்கூறும் படிக்க வேண்டும், மருந்துச் சரக்குகளின் குணங்களைச் சொல்லும் குணபாடமும் பாடமாக்க வேண்டும், நாடியும் பிடிக்கப் பழக வேண்டும். அவ்வளவும் தாண்டி வந்தவளிடம் "இனி எங்களுக்குக் கசாயம் சும்மாவோ?" என்று கேட்டால் முகம் சுருங்காதா? இந்தப் பகிடியை அவளுக்கு ஏற்கெனவே ஊரே விட்டிருக்கும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "விடிய விடியக் குணபாடம் பாடமாக்கின ஆள், இப்ப டொக்டர். பெரிய சந்தோசம், மச்சாள்." அவள் பட்ட பாட்டில் ஒன்றையாவது பெயர் சொல்லிச் சொன்னால் போதும். குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுகிற பூங்கொத்துப் படங்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மச்சாள் முறையென்றால் கொஞ்சம் சீண்டலாம். பெரியப்பாவின் மகள், வயதில் மூத்தவள் என்றால் அக்கா முறை. "நீங்கள்" போட்டு மரியாதையாகப் பேசுங்கள்.

பெறுபேறு வந்த அன்றே கோல் எடுங்கள். விழா அதற்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் வரும். விழா மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில், பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்தில் என்றால் வீட்டுக்காரர் இருட்டோடு வெளிக்கிட்டிருப்பார்கள், அன்றைக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம். (இப்போதாவது பாலங்கள் இருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போகிறவர்கள் "பாதை" என்கிற மிதவைப் படகுக்காகக் கரையில் காத்துக் கிடந்தார்கள்.) அடுத்த நாள் கோணேசர் கோயிலில் அர்ச்சனை இருக்கும். அதையும் கேட்டுக்கொண்டு பின்னேரம் வீட்டுக்குப் போங்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம். கேக் எல்லாரும் கொண்டுவருவார்கள். ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுபோனால் அன்று இரவே காலியாகிவிடும். என்வலப்பில் காசு வைப்பதும் நல்லதுதான், ஆனால் எல்லாருக்கும் முன்னால் நீட்டாதீர்கள். வாசலில் மாமியைக் கண்டதும் அவருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். பரீட்சைக் காலத்தில் அந்த வீட்டில் விடியப்புறம் தேத்தண்ணி ஊற்றியது அவர்தானே.

"அடுத்தது என்ன? நியமனம் எப்ப? கலியாணம் எப்ப?" இந்த மூன்றையும் வாயிலிருந்து எடுக்கவே கூடாது. 2017இல் கிழக்கில் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். நியமனம் எப்ப என்ற கேள்விக்குப் பதில் அவளிடம் இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும்.

பனர் அடிக்கிற யோசனை இருந்தால் அவளிடம் முதலில் கேளுங்கள். சிலருக்குத் தங்கள் முகம் சந்தியில் தொங்குவது பிடிக்காது.

என்னைக் கேட்டால், நல்ல பரிசு ஒரு தடித்த ஃபைலும், சான்றிதழ்களின் துலக்கமான கொப்பிகள் ஒரு கட்டும்தான். விண்ணப்பம் போடத் தொடங்கினால் அவை எவ்வளவு இருந்தாலும் போதாது. பட்டச் சான்றிதழை லமினேட் பண்ண ஆசையோடு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பிளாஸ்டிக்குக்கு மேல் சீல் வைக்க முடியாது, பிரிக்கப் போனால் கடதாசியும் சேர்ந்து கிழியும். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கலர்க் கொப்பியைப் போட்டு விறாந்தையில் மாட்டுங்கள், மூலப்பிரதி ஃபைலுக்குள்ளேயே இருக்கட்டும்.